பச்சை மச்சானின் செங்கல்

குழாய்த் தொழிற்சாலை முதலாளிக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பேசுவதற்கென்றே தன் மனைவியின் தம்பியை வேலைக்கு வைத்திருந்தார். அந்தத் தம்பி அதற்குமுன் தொட்ட தொழில் எல்லாவற்றையும் இழுத்து மூடியவர். மூடிய கையோடு மாமா வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை என்ன செய்வதென்று தெரியாமல், முதலாளி ஒரு பதவியை உண்டாக்கிக் கொடுத்தார். கதவில் ‘இயக்குநர், பசுமைப் பிரிவு’ என்று பித்தளைப் பலகை மாட்டினார்கள். தொழிலாளர்கள் அதைச் சுருக்கிப் ‘பச்சை மச்சான்’ என்று வைத்துக்கொண்டார்கள்.

பச்சை மச்சானுக்குச் சுற்றுச்சூழல் என்றால் பச்சை பெயிண்ட். வந்த வாரத்திலேயே சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர் ஓடும் குழாய் எல்லாவற்றுக்கும் பச்சை அடிக்கச் சொன்னார். குழாய்க்குள் என்ன ஓடுகிறது என்று ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு ஆய்வகத்தில் ஒருத்தி இருந்தாள்.

அவளை எல்லோரும் ‘லேப் அக்கா’ என்பார்கள். வேதியியல் படித்தவள். வாய் கொஞ்சம் நீளம். பச்சை மச்சான் எதையாவது சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேறியதும், கதவு சாத்துவதற்குள் அவரைப் போலவே பேசிக்காட்டி உதவியாளர்களைச் சிரிக்க வைப்பாள். கதவு திறந்திருக்கும்போது சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்து அலுத்துப்போனவள் அவள்.

அந்தத் தொழிற்சாலையில் பித்தளைக் குழாய்களுக்கு நிக்கலும் குரோமியமும் பூசினார்கள். வசதியான வீட்டுக் குளியலறைகளில் முகம் பார்க்கும் அளவுக்கு மின்னுமே, அந்த மினுமினுப்பு இங்கிருந்துதான் போகும். பூச்சுத் தொட்டிகளைக் கழுவிய தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும். அங்கே மருந்து போட்டால் நஞ்சு அடியில் சேறாகப் படியும். அந்தச் சேற்றைப் பிழிந்து, மூட்டை கட்டி, அதற்கென்று அமைத்த இடத்தில் புதைப்பதற்கு அனுப்ப வேண்டும். அதற்கான லாரி வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் செலவை நினைத்து முதலாளிக்குப் பல்வலி வந்தவர் மாதிரி முகம் கோணும்.

மச்சான் ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போய்த் திரும்பி வந்து அந்தப் பல்வலிக்கு மருந்து சொன்னார்.

“சேத்தை எதுக்கு மாமா வெளிய அனுப்பணும்? களிமண்ணோட கலந்து செங்கல் சுட்டுடலாம். கழிவே இல்லாத தொழிற்சாலைன்னு போர்டு வெச்சுடலாம்.”

முதலாளியின் முகத்தில் கோணல் நிமிர்ந்தது. லேப் அக்காவைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். கேட்டோம் என்று சொல்லிக்கொள்வதற்காகக் கேட்டார்கள்.

“சார், சூளையில வெச்சா குரோமியம் எரிஞ்சு போயிடாது. சேத்துல அது சாதுவா கிடக்குது. நெருப்புல சுட்டா வேற மாதிரி மாறிடும். மாறுனது தண்ணியில கரையும், உடம்புக்கு ரொம்பக் கெடுதல். முதல்ல ரெண்டு கல்லைச் சுட்டு, தண்ணியில ஊற வெச்சுப் பார்க்கலாம்.”

“மேடம், நீங்க எப்பவுமே ஏன் நெகட்டிவாவே பேசறீங்க?” என்றார் மச்சான். “உங்க ஜாதகமே அப்படியா?”

“என் ஜாதகத்துல குரோமியம் இல்ல சார். உங்க செங்கல்லதான் இருக்கும்.”

முதலாளி சிரித்தார். சிரித்துவிட்டு, சோதனையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் அகராதியில் ‘அப்புறம்’ என்றால் ‘மாட்டேன்’. செங்கல் சுட்டாகிவிட்டது.

முதல் சூளைக் கற்களில் தொழிற்சாலை வாசலில் ஒரு மீன்குளம் கட்டினார்கள். அடுத்ததில் பெண் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம். மிச்சமிருந்ததில் முதலாளி வீட்டில் அவருடைய பேத்திக்கு ஒரு விளையாட்டு அறை. வீட்டலங்காரப் பத்திரிகை ஒன்று வந்து அந்த அறையைப் படம் எடுத்தது. மச்சான் சுவரில் சாய்ந்து, கையில் ஒரு செங்கல்லைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றார். செங்கல் தெரியவேண்டும் என்பதற்காக எந்தச் சுவருக்கும் உள்பக்கம் பூச்சு வேலை கூடாது என்பது அவர் உத்தரவு.

மீன்குளத்துக்கு ஒரு பலகை வைத்தார்கள். ‘இந்த மீன்கள் வாழ்வது எங்கள் ஆலையின் சுத்திகரிக்கப்பட்ட நீரில்’ என்று அதில் எழுதியிருந்தது. உண்மையில் குளத்தை நிரப்பியது டாங்கர் லாரியில் வாங்கிய குடிதண்ணீர். அது தோட்டக்காரருக்குத் தெரியும், வாட்ச்மேனுக்குத் தெரியும், பலகை எழுதிய பெயிண்டருக்கும் தெரியும். தெரியாதது மீன்களுக்கு மட்டும்தான். அவை செத்து மிதந்தன. முதலாளியின் கார் வருவதற்குமுன் தோட்டக்காரர் ஒரு வலையால் அவற்றை அள்ளி எடுத்துவிட்டுப் புது மீன்களை விட்டார். கொஞ்ச நாளில் அவையும் செத்தன. மீன் வளர்த்து விற்பவர் எதுவும் கேட்காமல் பாலித்தீன் பைகளில் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்.

“பாவம் அண்ணே, மீனுக்கே நம்ம கம்பெனி பிடிக்கல” என்று லேப் அக்கா தோட்டக்காரரிடம் சொல்லிச் சிரித்தாள்.

நல்ல தண்ணீர், நல்ல மீன், பிறகு ஏன் சாகிறது என்று வேதியியல் படித்தவளுக்கு உறைத்திருக்க வேண்டும். தண்ணீர் லேசாக மஞ்சளித்ததையும் அவள் பார்த்தாள். பாசி என்று நினைத்துக்கொண்டாள். ஏளனம் செய்வதிலேயே அவளுக்குப் பாதி திருப்தி கிடைத்துவிட்டது. மீதி திருப்திக்காக யாரும் மெனக்கெடுவதில்லை.

அவளுடைய தங்கை அதே தொழிற்சாலையில் பாலிஷ் பிரிவில் இருந்தாள். பூச்சுக்குப் போகும்முன் குழாய்களைச் சுழலும் துணிச் சக்கரத்தில் வைத்துத் தேய்க்கிற வேலை. வேலை முடிந்து வந்தால் இமை மயிரில்கூடத் தூசி ஒட்டியிருக்கும். அவளுடைய மகள் காப்பகத்தில்தான் இருந்தாள். இப்போதுதான் பேசப் பழகிய குழந்தை. லேப் அக்காவைப் ‘பெய்யம்மா’ என்று கூப்பிடும்.

ஒருநாள் மதியம் இரண்டு பேரும் கேண்டீனில் டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, உன் செல்லம் பண்ற கூத்தைக் கேட்டியா?” என்றாள் தங்கை. “சுவரை நக்குறாளாம். ஆயா சொல்லிச் சொல்லி மாளல. இவளைப் பார்த்து மத்த வாண்டுகளும் நக்குதாம்.”

“சுவர்ல என்னடி இருக்கு நக்குறதுக்கு?”

“உப்பு பூத்திருக்குக்கா. மழைக்கு ஈரம் ஏறிடுச்சில்ல. மஞ்சளா, மாவு மாதிரி.”

லேப் அக்கா டப்பாவை மூடாமலே எழுந்து போனாள்.

காப்பகம் ஒரே நீள அறை. ஓரத்தில் சுருட்டி வைத்த பாய்கள், கொடியில் காயும் சின்னச் சின்னச் சட்டைகள், ஒரு பிளாஸ்டிக் யானை. ஜன்னலுக்குக் கீழே, குழந்தைகளின் உயரத்துக்கு, செங்கல்லின் இடுக்குகளிலெல்லாம் மஞ்சளாகப் படிந்திருந்தது. சில இடங்களில் மட்டும் சுத்தமாக, ஈரமாக இருந்தது. நக்கிய இடங்கள். ஆயாவிடம் ஒரு ஸ்பூன் வாங்கிச் சுரண்டி, ஒரு தாளில் மடித்துக்கொண்டாள். ஆயா சிரித்துக்கொண்டே, “எதுக்கும்மா, நீயும் ருசி பார்க்கப் போறியா?” என்றாள்.

ஆய்வகத்தில் அந்தத் தூளைத் தண்ணீரில் கரைத்துச் சோதனை மருந்தை விட்டாள். கெட்ட குரோமியம் இருந்தால் அந்த மருந்து ஊதா நிறமாகும். ஊதா ஆவதற்கு அவள் மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. மீன்குளத்துத் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னாள். அதுவும் ஊதா. டாங்கர் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். அது அப்படியே தெளிவாக நின்றது. கல்லிலிருந்துதான் இறங்குகிறது. ஸ்டூலில் உட்கார்ந்தாள். தனக்கே கேட்கும்படி, “மண்டு, மண்டு” என்று திட்டிக்கொண்டாள். இந்தமுறை திட்டியது மச்சானை அல்ல.

மூன்று கண்ணாடிக் குழாய்களையும் கையில் பிடித்தபடி முதலாளியின் அறைக்குப் போனாள். மச்சானும் அங்கே இருந்தார். குளியலறைக் குழாய்களை மொத்தமாக வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் இரண்டொரு நாளில் வரப்போகிறார்கள்; அவர்களுக்கு என்ன பரிசு கொடுப்பது என்ற ஆலோசனை. மேஜைமேல் பட்டு ரிப்பன் கட்டிய ஒரு செங்கல் இருந்தது.

அவள் சொல்லி முடிக்கும்வரை முதலாளி குறுக்கே பேசவில்லை. மச்சான்தான் பேசினார்.

“குழந்தைங்கன்னா எதையும் வாயில வைக்கும் மேடம். அதுக்குக் கம்பெனி என்ன பண்ணும்? ஆயாவை மாத்திடலாம்.”

“ஆயாவை மாத்தினா சுவர் மாறுமா சார்? வயித்துக்குள்ள போனா கல்லீரலைக் கெடுக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். புத்துநோய் வரைக்கும் போகும். பிள்ளைங்களை இப்பவே அங்கிருந்து எடுக்கணும்.”

முதலாளி ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இந்தக் கல்லு எங்கெங்க போயிருக்கு?”

“குளம், காப்பகம், அப்புறம் நம்ம வீட்டு…” என்று ஆரம்பித்த மச்சான் வாயை மூடிக்கொண்டார்.

முதலாளி ஊதா நிறத்தையே பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, மெதுவான குரலில் சொன்னார்: “சரிம்மா. நான் பார்த்துக்கறேன். நீங்க யார்கிட்டயும் பேச வேண்டாம்.”

அந்தக் குரலில் உண்மையான பயம் இருந்தது. அதனால் அவள் நம்பினாள். தங்கையிடம் மட்டும், “பாப்பாவை நாளைக்கு வீட்டுல வெச்சுக்கோ, ஏன்னு அப்புறம் சொல்றேன்” என்றாள். தங்கை கேட்கவில்லை. வீட்டில் யார் பார்த்துக்கொள்வது? புருஷன் லாரி ஓட்டப் போனால் வர நாளாகும். காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல வந்துவிட்டாள்.

மறுநாள் தோட்டக்காரரைக் காணோம். மதியம் வந்தார். தலை, புருவம், மீசை எல்லாம் செங்கல் தூள்.

“எங்க அண்ணே போனீங்க, மாவு மில்லுக்கா?”

“அந்தக் கொடுமையைக் கேளும்மா. முதலாளி வீட்டுல பேத்தியோட விளையாட்டு ரூமை இடிக்கிறாங்க. விடிஞ்சதும் விடியாததுமா ஆளைக் கூட்டியாந்து, எல்லாருக்கும் மூக்குல துணி கட்டச் சொல்லி. எனக்குத்தான் துணி பத்தல. அந்தப் பாப்பாவை நேத்தே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். முதலாளியே நின்னு வேலை வாங்கறாரு. ஒரு கல்லுகூட மிச்சம் இருக்கக் கூடாதுங்கறாரு. மிச்சக் கல்லுல அந்த வீட்டு நாய்க்குக் கட்டின கூண்டையும் பேத்தாச்சு.”

“இங்க காப்பகத்தை எப்ப இடிக்கிறாங்களாம்?”

தோட்டக்காரர் விழித்தார். “காப்பகத்தையா? அதை எதுக்கு இடிக்கணும்? அங்க பெயிண்டர் வந்திருக்காரே. மச்சான் சார் அனுப்பி வெச்சிருக்காரு.”

அவள் ஓடினாள். காப்பக வாசலில் பெயிண்டர் ஏணியைச் சாய்த்துவிட்டு டப்பாவைக் கலக்கிக்கொண்டிருந்தார். பச்சை பெயிண்ட். உள்ளே பிள்ளைகள் சுவரோரமாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி மோசமான ஆள் என்பது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் அவர் விஷயம் புரியாமல் மோசம் செய்பவர் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். புரிந்துகொண்டு, பயந்து, பயந்த கையோடு தன் வீட்டு நாயைக் காப்பாற்றிவிட்டு, இங்கே ஒரு பெயிண்டரை அனுப்பியிருக்கிறார். அந்த மனிதருக்கு இத்தனை வருஷம் காலை வணக்கம் சொல்லியிருக்கிறோமே என்று அவளுக்கு வாய் கசந்தது.

“ஏணியை எடுங்க” என்றாள் பெயிண்டரிடம்.

“மச்சான் சார்…”

“உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப எடுங்க.”

தேநீர் இடைவேளை மணி அடித்தது. தங்கையிடம் சொல்லி, காப்பகத்தில் பிள்ளை வைத்திருக்கும் எல்லாப் பெண்களையும் வரவழைத்தாள். பாலிஷ் பிரிவிலிருந்தும் பேக்கிங் பிரிவிலிருந்தும் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். சிலர் கையில் தேநீர்க் குவளை. லேப் அக்கா நீளமாகப் பேசவில்லை. அவர்கள் கண் முன்னாலேயே சுவரைச் சுரண்டினாள், தண்ணீரில் கரைத்தாள், மருந்தை விட்டாள். ஊதா பரவியது. அது என்ன என்று சொன்னாள். முதலாளி வீட்டில் இப்போது என்ன நடக்கிறது என்பதையும் சொன்னாள்.

யாரும் கத்தவில்லை. பேக்கிங் பிரிவில் ஒருத்தி மட்டும், “நாய்க் கூண்டைக்கூடவா?” என்று கேட்டாள். ஆமாம் என்றதும் குவளையில் இருந்த தேநீரை வாசலில் கொட்டினாள். ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்கள். தூக்கம் கலைந்த பிள்ளைகள் அழுதன.

“இதுங்களை எங்க கொண்டு போறது? வேலை நேரத்துல வெளிய விட மாட்டாங்களே” என்றாள் ஒருத்தி.

“இந்தக் கம்பெனியிலேயே நல்ல அறை எதுவோ, அங்க” என்றாள் தங்கை.

நல்ல அறை என்றால் விருந்தினர் கூடம். ஏசி, மெத்தை நாற்காலி, தரையில் கம்பளம். அன்றைக்குத்தான் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் வருவதாக இருந்ததால் பூங்கொத்து வேறு வைத்திருந்தார்கள். பெண்கள் உள்ளே போய்க் கம்பளத்தில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகளில் ஒன்று பூவைப் பிய்த்தது. இன்னொன்று கம்பளத்தை நனைத்தது. ஒருவரும் தடுக்கவில்லை. தடுக்கவேண்டிய வாட்ச்மேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மச்சான் ஓடிவந்தார். “என்னம்மா இது, அநியாயம்! வெளிநாட்டுக்காரங்க வர்ற நேரத்துல கம்பெனி மானத்தை வாங்கறீங்களே!”

“உங்ககிட்ட இருக்கிறதைத்தானே சார் வாங்க முடியும்” என்றாள் லேப் அக்கா.

அதற்குள் கார்கள் வந்துவிட்டன. வாங்கும் கம்பெனியின் பிரதிநிதி சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண்மணி. கூடவே மொழிபெயர்க்க ஒருவர். பின்னாலேயே முதலாளி, மூச்சு வாங்க. அவர் காதோரத்தில் இன்னும் செங்கல் தூள் இருந்தது.

அந்தப் பெண்மணி அழுகிற பிள்ளைகளைப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டாள். மிகவும் வருத்தப்படுவதாகச் சொன்னாள். வருத்தப்படும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கவேண்டும் என்று யாரோ பயிற்சி கொடுத்திருப்பார்கள் போல. தங்கள் கம்பெனியின் கொள்கையில் குழந்தைகளின் நலனுக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது என்றாள். பிறகு முதலாளியின் பக்கம் திரும்பி, இதனால் அடுத்த சரக்குக் கப்பல் தாமதமாகுமா என்று கேட்டாள்.

மொழிபெயர்ப்பாளர் அந்தக் கடைசிக் கேள்வியைப் பெண்களுக்குச் சொல்லத் தயங்கினார். லேப் அக்காவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

“வருஷா வருஷம் விலையைக் குறைங்க, குறைங்கன்னு கேக்கறீங்கல்ல?” என்றாள். “இவரும் குறைச்சாரு. எதுல குறைச்சாருன்னு நீங்க கேக்கவே இல்ல. வாங்க, அந்தச் சுவரைக் காட்டறேன். விரலால தொட்டுப் பாருங்க. அந்த அத்தியாயத்தையும் கையில எடுத்துட்டு வாங்க.”

அந்தப் பெண்மணி வரவில்லை. நேரமில்லை என்றாள்.

முதலாளி தாழ்ந்த குரலில், “நான்தான் பார்த்துக்கறேன்னு சொன்னேனேம்மா” என்றார்.

பதில் சொன்னது தங்கை. வேலை நேரத்தில் வாய் திறக்காதவள், தன் மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு எழுந்தாள். “பார்த்தீங்க சார். உங்க பேத்தியைப் பார்த்தீங்க, உங்க நாயைப் பார்த்தீங்க. எங்க பிள்ளைங்களுக்குப் பெயிண்டரை அனுப்புனீங்க. இதுக்கு நீங்க ஒண்ணும் பண்ணாமலே இருந்திருக்கலாம். விவரம் தெரியாத ஆளுன்னாவது நினைச்சிருப்போம்.”

முதலாளி எதையோ சொல்ல வாயெடுத்தார். பேச ஆள் தேடி மச்சானைப் பார்த்தார். மச்சான் பூ ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பாலிஷ் சக்கரங்கள் மறுபடி சுற்றவில்லை. பெண்கள் எழுந்தால்தான் ஆண்களும் வேலைக்குத் திரும்புவார்கள் என்றானது. சாயங்காலத்துக்குள் பிள்ளைகளை வேனில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். லேப் அக்கா மிச்சச் செங்கற்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த அதிகாரி முதலில் அவளை உட்காரச் சொல்லவில்லை. காப்பகச் சுவரைச் சுற்றி நின்ற பெண்களைப் படம் எடுத்துச் செய்தித்தாள்கள் போட்ட பிறகு நாற்காலி இழுத்துப் போட்டார். தான் ஆரம்பத்திலிருந்தே கவனித்து வந்ததாகவும் சொன்னார். அவள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள்.

காப்பகம் இடிக்கப்பட்டது. கற்களைக் குப்பைமேட்டில் கொட்ட மச்சான் ஏற்பாடு செய்திருந்தார். பெண்கள் லாரிக்கு முன்னால் நின்று, அவற்றைப் புதைக்கவேண்டிய இடத்துக்கே அனுப்ப வைத்தார்கள். சேறு இப்போது பழையபடி மூட்டைகளில் போகிறது. முதலாளி அந்த மூட்டைகளைக் கடக்கும்போது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். சேற்றுக்கு வாடையே கிடையாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மச்சான் இப்போது தொழிலாளர் நலப் பிரிவுக்கு இயக்குநர்.

லேப் அக்காவின் வேலையை எடுக்க முதலாளிக்கு ஆசைதான். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் விசாரணை நடக்கும்போது துணியவில்லை. அதற்குப் பதில் சம்பளத்தை உயர்த்துவதாகச் சொல்லிப் பார்த்தார். “அதை எடுத்துப் பிள்ளைங்க வைத்தியத்துக்குப் போடுங்க சார். போட்டுட்டு மறக்காம போர்டு வெச்சுடுங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள். விசாரணையில் தான் சொல்லவேண்டியதைச் சொன்னாள். இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தாய் என்று அதிகாரி கேட்டபோது, கேலி பேசிக்கொண்டிருந்தேன் என்று பதில் சொன்னாள். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

பிள்ளைகளில் சிலருக்கு ரத்தத்தில் குரோமியம் கூடுதலாக இருந்தது. தங்கை மகளுக்கும் இருந்தது. உடம்பு தானாக வெளியேற்றிவிடும், ஆனால் அடிக்கடி வந்து பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். எவ்வளவு காலம் என்று கேட்டதற்கு, “பார்க்கணும்” என்றார். தங்கை அதிலிருந்து இரவில் எழுந்து எழுந்து குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறாள்.

புதிய காப்பகத்துக்குப் பெண்களே அலைந்து திரிந்து, தொழிற்சாலைக்கு எதிர்த் தெருவில் ஒரு பழைய வாடகை வீட்டைப் பிடித்தார்கள். சுண்ணாம்பு அடித்த சுவர்கள், பின்பக்கம் ஒரு கொய்யாமரம். வாடகை கம்பெனியுடையது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். பிள்ளைகள் உள்ளே போன முதல் நாள் காலையில் முதலாளி வந்தார். கூடவே மச்சானும், கேமரா மாட்டிய ஒருவரும். முதலாளி குனிந்து, தங்கையின் மகளைத் தூக்கக் கையை நீட்டினார். மச்சான் கேமராக்காரருக்கு எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

“கையைக் கழுவிட்டீங்களா சார்?” என்று கேட்டாள் தங்கை.

முதலாளி நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார். தங்கை மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “உள்ள பிள்ளைங்க சாப்பிடற நேரம்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். மூன்று ஆண்களும் தெருவில் வெயிலில் நின்றார்கள். கேமராக்காரர் மட்டும், தனக்கு நேரமாகிறது என்று சொல்லிப் பையை மூடினார்.